மூன்று டாரன்டுலாக்களுக்கும் ஒரே அடிமண் போதுமா?

புதுவளை எழுதியது:

வணக்கம். டாரன்டுலா என்னும் பெரிய, முடியடர்ந்த சிலந்திகளை வளர்ப்பதில் நான் இறங்கி நான்கு மாதங்களே ஆகின்றன. இப்போது என்னிடம் மூன்று இருக்கின்றன: கால் நுனியிலிருந்து கால் நுனிவரை ஏறத்தாழ 11 செ.மீ. உள்ள பெண் பிராக்கிபெல்மா ஹமோரி, 2 செ.மீ.யைக்கூட எட்டாத டிலில்டோகாட்ல் அல்போபிலோசஸ் குஞ்சு, மரவாழ் இனமான 4 செ.மீ. கரிபேனா வெர்சிகலர். மூன்றின் பெட்டிகளுக்கும் ஒரே கோகோபீட் (தென்னை நார்த் தூள்) கட்டியை வெந்நீரில் ஊறவைத்து, கையால் பிழிந்து, அன்று மாலையே அடிமண்ணாகப் போட்டுவிட்டேன்.

சிக்கல் அதன்பின் தொடங்கியது. ஹமோரியைப் புதிய பெட்டிக்கு (நீளம், அகலம், உயரம் மூன்றும் 30 செ.மீ.; மண் 6 செ.மீ.) மாற்றி இன்றோடு ஒன்பது நாள்கள் ஆகின்றன. அது மண்ணில் இறங்குவதே இல்லை. பகலெல்லாம் கண்ணாடிச் சுவரில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. இரவில் எப்போதாவது முன்காலை நீட்டி மண்ணைத் தொட்டுப் பார்த்துவிட்டு, சுட்டதுபோல் உடனே இழுத்துக்கொள்கிறது. குஞ்சின் டப்பாவிலோ மண்ணின் மேல் வெள்ளைப் பஞ்சுபோல் பூஞ்சை படர்ந்திருக்கிறது. வெர்சிகலர் மட்டும் மேலே வலை பின்னிக்கொண்டு நிம்மதியாக இருக்கிறது.

மண்ணை மாற்றலாம் என்று விசாரித்தால் ஆளுக்கொரு பேச்சு. கோகோபீட் ஒன்றே பாதுகாப்பானது என்கிறார் ஒருவர்; அது வெறும் தூள், பையில் விற்கும் மேல்மண்தான் (நிலத்தின் மேலடுக்கு மண்) சரி என்கிறார் மற்றொருவர்; பீட் மாஸ் (மக்கிய சதுப்புநிலப் பாசி), வெர்மிகுலைட் (ஒருவகைக் கனிமத் துகள்), மணல் என்று கலவைக் கணக்குகள் வேறு; நீர் வடிய அடியில் சுட்ட களிமண் உருண்டைகளைப் பரப்ப வேண்டும் என்கிறார் இன்னொருவர். ஹமோரியை விற்றவர் ஒரு பை மரச்சீவலும் சேர்த்துக் கொடுத்தார். அதை இன்னும் பிரிக்கவில்லை. எதைத் தேர்ந்தெடுப்பது, எவ்வளவு ஆழம் போடுவது, போடும் முன் சூடாக்கிக் கிருமி நீக்க வேண்டுமா என்பதை அனுபவமுள்ளவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

ஏட்டுநுரையீரல் எழுதியது:

வணக்கம் புதுவளை. நீங்கள் கேட்டவற்றைவிட, அடைப்புக்குறிக்குள் போகிறபோக்கில் எழுதிய ஓர் அளவுதான் என்னை உறுத்துகிறது. 30 செ.மீ. உயரப் பெட்டியில் 6 செ.மீ. மண் என்றால் மண்ணுக்கும் மூடிக்கும் இடையே 24 செ.மீ. வெற்றிடம் இருக்கிறது, அந்த வெற்றிடத்தின் சுவரில் உங்கள் பெண் சிலந்தி ஒன்பது நாள்களாகத் தொங்கிக்கொண்டிருக்கிறது. ஹமோரி தரைவாழ் இனம். அதன் பருத்த வயிற்றைச் சுற்றியிருப்பது மெல்லிய தோல். இரண்டு கால் மூட்டுகளை நீட்டுவதற்குச் சிலந்திக்குத் தசையே கிடையாது. உடல்திரவத்தின் அழுத்தத்தால்தான் அவை நீள்கின்றன. விழுந்து வயிறு கிழிந்தால் திரவமும் போகிறது, அதோடு நடையும் போகிறது. ஆகவே தரைவாழ் இனங்களுக்கு மண்ணின் மேற்பரப்புக்கும் மூடிக்கும் உள்ள இடைவெளி, கால்விரிப்பின் ஒன்று முதல் ஒன்றரை மடங்குக்குள் இருக்கவேண்டும் என்பதே நாங்கள் கடைப்பிடிக்கும் கணக்கு. உங்கள் பெட்டிக்கு மண் 15 அல்லது 16 செ.மீ. உயரம் வரவேண்டும். பொருளைப் பற்றி எந்த முடிவுக்கு வந்தாலும் இதை இந்த வாரமே செய்துவிடுங்கள்.

அது ஏன் இறங்க மறுக்கிறது என்பதற்கு விடை உங்கள் விவரிப்பிலேயே இருக்கிறது. பிழிந்த கோகோபீட்டைக் கையில் எடுத்தால் சொட்டுவதில்லை. அதனால் காய்ந்துவிட்டது என்று நினைக்கிறோம். ஆனால் உள்ளே அது நீரை நன்றாகவே பிடித்துவைத்திருக்கும். ஹமோரி மெக்சிகோவின் பசிபிக் கரையோரத்தில், ஆண்டின் பெரும்பகுதி காய்ந்து கிடக்கும் இலையுதிர் காடுகளில், வேருக்கும் பாறைக்கும் அடியில் வளை தோண்டி வாழ்வது. அங்கே தரை மேலே காய்ந்தும், வளையின் அடியில் சற்றே ஈரமாகவும் இருக்கும். நீங்கள் கொடுத்தது இதற்கு நேர் எதிரானது: மேலிருந்து கீழ்வரை ஒரே ஈரம், அதுவும் கால் புதையும் பஞ்சுத் தரை. (பழைய குறிப்புகளில் பிராக்கிபெல்மா ஸ்மிதி என்ற பெயரைப் பார்த்தால் குழம்ப வேண்டாம். அப்பெயரில் விற்கப்பட்டவற்றுள் பெரும்பாலானவை ஹமோரிதான் என்பது 2017இல் வெளிவந்த வகைப்பாட்டு ஆய்வில் தெளிவாயிற்று. அந்தப் பராமரிப்புக் குறிப்புகள் உங்கள் சிலந்திக்கும் பொருந்தும்.)

இனி பொருளுக்கு வருகிறேன். கோகோபீட் கெட்ட பொருள் அன்று. ஆனால் தளர்வாகப் போட்டுக் காயவிட்டால் தூளாகிவிடும். தூளில் வளை நிற்காது. பீட் மாஸ் அமிலத்தன்மை மிகுந்தது, அதனால் அதில் பூஞ்சை குறைவாகவே வரும். ஆனால் முற்றிலும் காய்ந்துவிட்டால் ஊற்றிய தண்ணீர் உள்ளே இறங்காமல் மேலேயே உருண்டு நிற்கும். மேல்மண் கனமானது, இறுகி நிற்கும், தோண்டிய வளை தோண்டியபடியே இருக்கும். என்னுடைய தரைவாழ் சிலந்திகளுக்கு அளவுக் கணக்கில் ஐந்து பங்கு மேல்மண், மூன்று பங்கு கோகோபீட், ஒரு பங்கு கழுவிய நுண்மணல் என்று கலக்கிறேன். இந்த விகிதம் வேதவாக்கு அல்ல. மேல்மண்ணில் ஏற்கெனவே மணல் மிகுதியாக இருந்தால் மணலை விட்டுவிடலாம். மேல்மண் வாங்கும்போது பையின் பின்புறத்தை முழுவதும் படியுங்கள். உரம், பூச்சிக்கொல்லி, ஈரம் காக்கும் வேதிப்பொருள், பெர்லைட் என்னும் வெள்ளைக் குருணை இவற்றில் எது கலந்திருந்தாலும் வேண்டாம்.

பதம் பார்ப்பது எளிது. ஒரு கைப்பிடி அள்ளி இறுக்கிப் பிழியுங்கள். விரலிடுக்கில் நீர் கசிந்தால் ஈரம் மிகுதி. கையை விரித்ததும் உதிர்ந்துவிட்டால் ஈரம் போதாது. உருண்டையாக நின்று, கட்டைவிரலால் குத்தியதும் இரண்டு மூன்று துண்டாக உடைந்தால் அதுதான் பதம். அந்தப் பதத்தில், அழுத்தியபின் 4 செ.மீ. நிற்கும்படி ஓர் அடுக்கு போட்டு, அகன்ற பாட்டிலின் அடிப்பாகத்தால் மூலைகள் உட்பட அழுத்தி, அதன்மேல் அடுத்த அடுக்கைப் போடுங்கள். நான்கு அடுக்குகள் முடிந்ததும், ஒரு வளைந்த கார்க் பட்டையை ஓரத்தில் பதித்து, அதன் அடியில் கரண்டியால் சரிவாக 5 செ.மீ. குடைந்து விடுங்கள். மீதியை அது பார்த்துக்கொள்ளும். மூடியைத் திறந்துவைத்து இரண்டு மூன்று நாள்கள் மேற்பரப்பைக் காயவிட்ட பிறகே சிலந்தியை விடவேண்டும். அதுவரை காற்றோட்டமுள்ள சிறிய டப்பாவில் தண்ணீர்க் கிண்ணத்தோடு வைத்திருக்கலாம்.

ஒரு கணக்கையும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன், ஏனெனில் முதல் முறை நான் இதில் ஏமாந்தேன். 30க்கு 30 பெட்டியில் 16 செ.மீ. என்றால் 14.4 லிட்டர், அழுத்தும்போது சுருங்குமாகையால் ஏறத்தாழ 18 லிட்டர் கலவை தேவைப்படும். 650 கிராம் கோகோபீட் கட்டி ஊறினால் 8 அல்லது 9 லிட்டர்தான் தரும். நிரப்பிய பெட்டி நல்ல கனமாக இருக்கும். நிரப்பிய பின் தூக்காமல், வைக்கப்போகும் இடத்திலேயே வைத்து நிரப்புங்கள்.

மரச்சீவலைப் பிரிக்கவே வேண்டாம். தேவதாரு, பைன் போன்றவற்றின் மணமே அவற்றிலுள்ள எண்ணெய்தான். அது பூச்சிகளுக்கும் சிலந்திகளுக்கும் ஆகாது. எந்த மரத்தின் சீவலானாலும் அதில் வளை தோண்ட முடியாது.

ஈரவாடை எழுதியது:

ஹமோரியைப் பற்றி மேலே சொல்லப்பட்டதில் எனக்கு வேறுபாடு இல்லை. குஞ்சைப் பற்றி எழுதுகிறேன், ஏனென்றால் பெரிய சிலந்திக்குச் சரியான வறட்சி, 2 செ.மீ. குஞ்சைக் கொன்றுவிடும். உடல் சிறிதாக இருப்பதால் அதன் எடையை ஒப்பிடத் தோலின் பரப்பு மிகுதி. நீரை விரைவாக இழக்கும். வறண்ட நிலத்து இனமாயினும் குஞ்சுப் பருவத்தில் மண்ணின் கீழ்ப்பாதி எப்போதும் ஈரமாக இருக்கவேண்டும். அதற்காக மேலே தெளித்துக்கொண்டிருக்காதீர்கள். ஊசியில்லாத சிரிஞ்சின் முனையை டப்பாச் சுவரோடு ஒட்டிவைத்துச் சொட்டுச் சொட்டாக விட்டால் தண்ணீர் சுவர் வழியே அடிக்குப் போய்விடும், மேற்பரப்பு காய்ந்தே இருக்கும். 4 அல்லது 5 செ.மீ. ஆழமுள்ள மண் இருந்தால் குஞ்சு தனக்கு வேண்டிய ஈரத்தைத் தானே தேடிக் கீழே போகும்.

நீங்கள் பார்த்த பூஞ்சைக்கு மண்ணைக் குற்றம் சொல்வதில் பயனில்லை. பூஞ்சை வித்துகள் காற்றில் எங்கும் இருக்கின்றன. மண்ணை அடுப்பில் சூடாக்கினால் அதிலுள்ள பூச்சிகளும் முட்டைகளும் போகுமே தவிர, மூடியைத் திறந்த அன்றே பூஞ்சை வித்து மீண்டும் வந்து விழும். வெளியிலிருந்து அள்ளிவந்த மண்ணாக இருந்தால் மட்டும், ஈரப்பதத்தோடு நடுப்பகுதி ஏறத்தாழ 80 டிகிரி செல்சியஸை எட்டும்படி அரைமணி நேரம் சூடாக்கலாம். பையில் வாங்கிய சுத்தமான கோகோபீட்டுக்கு அது வீண்வேலை. உங்கள் டப்பாவில் பூஞ்சை தொடங்கிய இடத்தைக் கூர்ந்து பாருங்கள். பெரும்பாலும் தின்று மிஞ்சிய இரையின் ஒரு கால் அல்லது உறிஞ்சித் துப்பிய உருண்டை அங்கே கிடக்கும். அதை மண்ணோடு சேர்த்து ஒரு கரண்டி அள்ளி வெளியே போட்டுவிட்டு, டப்பாவின் எதிரெதிர்ப் பக்கங்களில் காற்றுத் துளைகளைக் கூட்டுங்கள். ஸ்பிரிங்டெயில் என்னும் பூச்சிபோன்ற மிகச்சிறிய உயிர்களைச் சிறிது விட்டால் பூஞ்சையைத் தின்றே அவை வாழும், சிலந்தியை அண்டமாட்டா.

ஒரு நாள் குஞ்சு வளையின் வாசலை மண்ணால் அடைத்துக்கொண்டு காணாமல் போனால் பதறித் தோண்டாதீர்கள். என் அல்போபிலோசஸ் குஞ்சு ஐந்து வாரம் அப்படி இருந்தது. டப்பாவின் அடியைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தபோது, அது உரித்த தோல் வளையின் ஒரு மூலையில் கசங்கிக் கிடந்தது. பக்கத்திலேயே அது, முன்னைவிடக் கருத்து, கால்களை நன்றாக விரித்தபடி இருந்தது.

வெர்சிகலரின் மண்ணைப் பற்றி நீங்கள் மிகவும் யோசிக்க வேண்டியதில்லை. 4 செ.மீ. கோகோபீட் போதும். மார்த்தினிக் தீவின் மரங்களில் வாழும் இனம் அது. ஈரமண்ணோடு காற்று தேங்கினால்தான் அதற்கு ஆபத்து.

பழையசாக்கு எழுதியது:

எட்டுக்காலிகளோடு 16 ஆண்டுகள் ஆகின்றன. நண்பர் ஏட்டுநுரையீரல் மேல்மண்ணுக்குக் கொடுக்கும் இடத்தை நான் கொடுப்பதில்லை. என்னிடமுள்ள தரைவாழ் இனங்களில் பாதி, வெறும் கோகோபீட்டிலேயே நல்ல வளைகளில் வாழ்கின்றன. ஈரமாக இருக்கும்போதே அடுக்கடுக்காக அழுத்தி, அழுத்திய பிறகு ஒரு வாரம் காயவிட்டால் கோகோபீட்டும் தட்டையான பலகைபோல் இறுகிவிடும். அதன்பின் சிலந்தி வளைச் சுவரில் இழை பூசிவிட்டால் அது உதிர்வதே இல்லை. பலருக்கு அது தூளாகப் போவதற்குக் காரணம் அழுத்தாததே. நல்ல மேல்மண் கிடைத்தால் கலந்துகொள்ளுங்கள். கிடைக்காவிட்டால் அதைத் தேடி அலையவேண்டாம்.

வெர்மிகுலைட் ஒரு காலத்தில் டாரன்டுலா வளர்ப்பில் மிகப் பரவலாகப் பரிந்துரைக்கப்பட்டது. நானும் முதலில் அதை மட்டுமே போட்டேன். மினுமினுக்கும் அந்தத் துகள்களின்மேல் என் கிராமோஸ்டோலா இரண்டு மாதம் ஒரு குழிகூடப் பறிக்கவில்லை. நடந்தால் கால் வழுக்கியது, தண்ணீர்க் கிண்ணம் நிறையத் துகள் மிதந்தது. நீரைப் பிடித்துவைக்க வேண்டிய கலவையில் சிறுபங்காகச் சேர்ப்பதற்கு மட்டும் அது உதவும்.

களிமண் உருண்டை அடுக்கு வேண்டவே வேண்டாம். செடித்தொட்டிக்கு ஏற்பட்ட யோசனை அது. ஆழமாகத் தோண்டும் ஒரு சிலோபிராக்கிஸுக்கு நான் அடியில் 5 செ.மீ. உருண்டை பரப்பி, மேலே வலைத்துணி போட்டு, அதன்மேல் மண் நிரப்பியிருந்தேன். மூன்றே வாரத்தில் அது துணியைக் கிழித்துக்கொண்டு உருண்டைகளுக்குள் இறங்கிவிட்டது. மேலே இருந்த மண் சரிந்தது. அடியில் தேங்கியிருந்த நீரின் நாற்றம் மூடியைத் திறந்ததும் முகத்தில் அடித்தது. டாரன்டுலாவுக்கு வேண்டிய நீரை அளவாக ஊற்றினால் வடிகட்ட என்ன இருக்கிறது? கூழாங்கல்லும் அப்படித்தான்: கூரிய விளிம்பு, தோண்ட முடியாத தரை.

ஹமோரியின் பழைய மண்ணை அள்ளும்போது கையுறையும் கண்ணாடியும் அணிந்துகொள்ளுங்கள். அமெரிக்கக் கண்டங்களைச் சேர்ந்த இந்த இனங்கள் வயிற்றிலிருந்து உதறும் அரிப்பு முடிகள் மண்ணிலும் தங்கியிருக்கும். ஒருமுறை வெறுங்கையால் பழைய மண்ணைக் கொட்டினேன். மணிக்கட்டின் உட்புறம் நான்கு நாள் தடித்துச் சிவந்திருந்தது. கண்ணில் பட்டால் மருத்துவரிடம்தான் போகவேண்டும். இந்த ஒருமுறை மாற்றியபின் அடிக்கடி மாற்றாதீர்கள். துப்பிய உருண்டைகளை மட்டும் அவ்வப்போது எடுத்துவந்தால் ஒரே மண் ஆண்டுக்கணக்கில் நிற்கும். முழுவதும் மாற்றினால், அது பல மாதங்கள் இழைபூசிக் கட்டிய வீட்டையே இடிக்கிறோம்.

புதுவளை எழுதியது:

மூவருக்கும் நன்றி. முதலில் வாங்கிய மேல்மண் பையின் பின்புறத்தில் மெல்லக் கரையும் உரம் கலந்தது என்று சிறிய எழுத்தில் இருந்தது. நீங்கள் சொல்லியிராவிட்டால் கவனித்திருக்கமாட்டேன். எதுவும் கலக்காத வேறொன்று கிடைத்தது. அழுத்தி 16 செ.மீ.க்கு நிரப்பிவிட்டேன். இரண்டு ஐயங்கள் மட்டும் மிச்சம். வளையின் மேல் அழகுக்காக ஒரு தட்டைக்கல் வைக்க எண்ணியிருக்கிறேன். இவ்வளவு கனமான மண் சரிந்து சிலந்தியை நசுக்கிவிடுமா? அடுத்து, குஞ்சின் மண்ணில் வெள்ளைப் புள்ளிகள் நகர்கின்றன. ஸ்பிரிங்டெயில் நான் இன்னும் விடவில்லை. அப்படியானால் அவை மைட்டு என்னும் சிற்றுண்ணிகளா?

ஏட்டுநுரையீரல் எழுதியது:

பதமாக அழுத்திய மண் எளிதில் சரியாது. சிறிது சரிந்தாலும் சிலந்தி தோண்டி வெளியே வந்துவிடும், நீங்கள் கரண்டியோடு உதவிக்குப் போவதுதான் ஆபத்து. கல் வேறு விஷயம். மண்ணின்மேல் வைத்த கல்லுக்கு அடியில் அது வளை தோண்டும்போது கல் இறங்கும். கல் வேண்டுமென்றால் பெட்டியின் அடிக்கண்ணாடியிலேயே நிற்கும்படி முதலில் வைத்து, பிறகு மண்ணை நிரப்பியிருக்க வேண்டும். இப்போது கார்க் பட்டையே போதும்.

வெள்ளைப் புள்ளியைத் தூரிகை முனையால் தொட்டுப் பாருங்கள். நீளவாக்கில் இருந்து, தொட்டதும் துள்ளினால் ஸ்பிரிங்டெயில். கோகோபீட்டோடு தானாகவே வந்திருக்கும், இருக்கட்டும். உருண்டையாக, மெதுவாக ஊர்ந்து, இரை மிச்சத்தில் மொய்த்தால் மைட்டு. மிச்சத்தை எடுத்துவிட்டு மண்ணைச் சற்றுக் காயவிட்டாலே பெரும்பாலும் குறைந்துவிடும். சிலந்தியின் வாயருகிலோ, வயிற்றின் அடியிலுள்ள, அது மூச்சுவிடும் ஏட்டு நுரையீரல் திறப்புகளிலோ கூட்டமாக ஒட்டியிருந்தால் மட்டும் காலம் தாழ்த்தாமல் புதிய டப்பாவுக்கு மாற்றுங்கள்.

ஆழம் தேடுபவன் எழுதியது:

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். கிங் பாபூன் எனப்படும் பெலினோபியஸ் மியூட்டிகஸ் ஒன்றை வாங்க எண்ணியிருக்கிறேன். அதற்கும் 16 செ.மீ. போதுமா?

பழையசாக்கு எழுதியது:

போதாது. வாழ்நாள் முழுவதும் வளைக்குள்ளேயே இருக்கும் இனம் அது. பின்னங்கால்கள் தடித்திருப்பது தோண்டுவதற்காகவே. வளர்ந்ததற்கு 30 செ.மீ. ஆழத்துக்குக் குறையாமல் கொடுங்கள். அங்கே மேல்மண்ணின் பங்கைக் கூட்டுவதில் எனக்கும் மறுப்பில்லை, ஏனெனில் அவ்வளவு ஆழத்தில் கோகோபீட்டைச் சீராக அழுத்துவது கடினம். நிரப்பி முடித்தபின் நீங்கள் பெரும்பாலும் ஒரு பெட்டி மண்ணைத்தான் வளர்ப்பீர்கள். சிலந்தியைப் பார்ப்பது அரிது. அதற்கு மனம் ஒப்பினால் வாங்குங்கள்.

புதுவளை எழுதியது:

மூன்று வாரங்கள் கழித்து எழுதுகிறேன். மேற்பரப்பு காய்ந்த பின் விட்டதும், முதல் இரவு ஹமோரி சுவரோரமாகவே நின்றது. இரண்டாம் இரவு எல்லாக் கால்களையும் மண்ணில் ஊன்றி நடந்தது. ஐந்தாம் நாள், நான் குடைந்துவிட்ட குழியிலிருந்து மண்ணை உருண்டை பிடித்து, இரு விடப்பற்களுக்கும் முன்கைகளுக்கும் இடையில் அணைத்தபடி பெட்டியின் மறுகோடிக்குச் சுமந்து போனதைச் சிவப்பு விளக்கின் மங்கலில் அரைமணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். குஞ்சின் வெள்ளைப் புள்ளிகள் தொட்டதும் துள்ளின. குஞ்சு இப்போது வாசலை அடைத்துக்கொண்டிருக்கிறது, நான் தோண்டவில்லை.

ஒரே ஒரு தொல்லை: சுமந்து போகும் மண் முழுவதையும் அது தண்ணீர்க் கிண்ணத்தில்தான் கொட்டுகிறது. இன்று காலையோடு ஏழாவது முறை கழுவியாயிற்று.

ஈரவாடை எழுதியது:

எல்லாருடைய சிலந்தியும் அதைத்தான் செய்கிறது. கிண்ணத்தை வளை வாசலுக்கு ஒட்டிய பக்கத்து மூலைக்கு மாற்றி, விளிம்பு மண்ணுக்கு மேல் ஒரு செ.மீ. நிற்கும்படி வையுங்கள், மறுகோடியை அதன் மண்கொட்டும் இடமாக விட்டுவிடுங்கள். அப்படியும் கொட்டினால், வளை வேலை முடியும்வரை கழுவிக்கொண்டிருக்க வேண்டியதுதான்.